கார் சஸ்பென்ஷன் சாமான்களை இணையத்தில் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

14,850 ரூபாய். காரின் முன்பக்க சஸ்பென்ஷனையும் (மேடுபள்ளத்தின் அதிர்ச்சியைத் தாங்கும் அமைப்பு) பின்பக்க ஷாக் அப்சார்பர்களையும் மாற்றுவதற்காக நான் முன்கூட்டியே கட்டிய பணம் இது. வந்து சேர்ந்தவை போலிச் சாமான்கள் என்பது பட்டறையில் கண்ணெதிரே தெரிந்துவிட்டது. பணத்தைத் திருப்பித் தர இயலாது என்று விற்றவர்கள் நேற்று இரவு முடிவாக எழுதிவிட்டார்கள். புகார் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. கார் உதிரிபாகங்களை மட்டுமே விற்கும் ஓர் இணைய அங்காடி, கைப்பேசிச் செயலியும் தமிழில் பேசும் உதவி மையமும் வைத்திருக்கிறது என்ற அளவில் தெரிந்துகொள்ளுங்கள். எங்கே வாங்குவது, எப்படிச் சோதிப்பது என்பதைப் பதிவின் முடிவில் சொல்கிறேன்.

எங்களுடையது ஒரு லட்சம் கிலோமீட்டரை நெருங்கிய சிறிய ஹேட்ச்பேக் கார். பாளையங்கோட்டையிலிருந்து சேரன்மகாதேவி வழியாக அம்பாசமுத்திரத்துக்கு வேலை நிமித்தமாக அடிக்கடி போய்வருவதால், வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் கேட்ட 'கட கட' சத்தத்தை அலட்சியப்படுத்தாமல் பேட்டையில் உள்ள எங்கள் வழக்கமான பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் காரைத் தூக்கி, சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் லோயர் ஆர்முக்கு அடியில் கம்பியைக் கொடுத்து நெம்பிக் காட்டினார். ஆர்மின் முனையைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட் ஆடியது. ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்தில் அதிர்வைத் தாங்கும் புஷ் ரப்பர் வெடித்திருந்தது. ஷாக் அப்சார்பரின் உடம்பில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தது. முன்பக்கத்துக்கு ஸ்ட்ரட் (முன்சக்கரத்தின் ஷாக் அப்சார்பர்), அதன் மேல் மவுண்ட், லோயர் ஆர்ம், லிங்க் ராடு, பின்பக்கத்துக்கு ஷாக் அப்சார்பர் எல்லாம் இரண்டிரண்டாகப் பட்டியல் எழுதிக் கொடுத்தார். ஒரே அச்சில் ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபக்கமாக இழுக்கும் என்பதால் ஜோடியாக மாற்றுவதுதான் முறை. "சாமான நீங்களே வாங்கிக் குடுத்தாலுஞ் சரிதான் அண்ணாச்சி, மாட்டுத கூலி மட்டும் தாங்க. ஆனா ஒரிஜினலா இருக்கணும்" என்றார்.

அந்த இணைய அங்காடியில் மொத்த விலை, பெட்டியில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச விலையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் குறைவாக இருந்தது. பாதி விலை, கால் விலை என்று போட்டிருந்தால் எவருக்கும் சந்தேகம் வந்திருக்கும். மொத்தமாக விற்கிறவர்கள் நியாயமாகக் கொடுக்கக்கூடிய தள்ளுபடிதான் அது. ஒவ்வொரு சாமானின் படத்துக்கும் கீழே 'அசல் தயாரிப்பு', 'ஓராண்டு உத்தரவாதம்', 'பத்து நாளில் திருப்பித் தரலாம்' என்று எழுதியிருந்தது. அவ்வளவையும் படித்த பிறகும் பணம் கட்டாமல் உதவி மையத்துக்குத் தொலைபேசியில் பேசினேன்.

நம்பிக்கை வந்தது அந்தப் பேச்சில்தான். எடுத்தவர் முதலில் காரின் சேஸிஸ் எண்ணைக் கேட்டார். பதினேழு எழுத்துகளையும் எண்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார். பிறகு என் காரின் தயாரிப்பு ஆண்டு, மாடல், எஞ்சின் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டு, நான் செயலியில் தேர்ந்தெடுத்து வைத்திருந்த ஸ்ட்ரட் டீசல் மாடலுக்கு உரியது, உங்கள் பெட்ரோல் வண்டிக்கு அது சேராது என்று தானாகவே மாற்றிக் கொடுத்தார். இவ்வளவு விவரம் தெரிந்த ஒருவர், விற்பனை தள்ளிப்போனாலும் பரவாயில்லை என்று தவறைத் திருத்துகிறார் என்றால், யார்தான் நம்பமாட்டார்கள்? நான் பாளையங்கோட்டை என்றதும் அவருடைய குரல் மாறியது. "அண்ணாச்சி, நானும் நம்ம ஊர்ப் பக்கந்தான், வீரவநல்லூரு. தைரியமா போடுங்க. ஒரிஜினல் இல்லன்னா எங்கிட்ட கேளுங்க" என்றார். முகம் தெரியாத வெளியூர் நிறுவனம் ஒன்று அந்த ஒரு நிமிடத்தில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவராக ஆகிவிட்டது. பேச்சு முடிந்த கையோடு 14,850 ரூபாயையும் யுபிஐ வழியாகச் செலுத்தினேன்.

பெட்டிகள் குறித்த நாளில் வந்தன. கார் நிறுவனத்தின் பெயர், மின்னும் ஹாலோகிராம், விலைச்சீட்டு என எல்லாம் பெட்டியின் மேல் இருந்தன. உள்ளே வைத்திருந்த ரசீதில் மட்டும் அங்காடியின் பெயருக்குப் பதிலாக வேறொரு விற்பனையாளரின் பெயர் இருந்தது. பாக எண் எதுவும் இல்லாமல் 'சஸ்பென்ஷன் பார்ட்ஸ்' என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். கேட்டதற்கு, எங்கள் கிடங்குக்குச் சாமான் அனுப்புகிறவர் அவர், பொறுப்பு எங்களுடையது என்று பதில் வந்தது. அந்தப் பதிலை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மெக்கானிக் தன் வேலையை முறைப்படி செய்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் அந்த அங்காடி பழியை அவர் மேல் போடப் பார்த்தது. லோயர் ஆர்மின் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போதே முறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். அதனால் வண்டியின் பாரம் டயரில் இறங்கிய பிறகே அவர் கடைசி முறுக்கு வைத்தார். அதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அன்றே சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்டும் செய்தோம்.

ஒரு மாதத்துக்குள் பழைய சத்தம் திரும்பிவிட்டது. சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் குடும்பத்தோடு போய்விட்டுக் காரையாற்றிலிருந்து இறங்கும்போது, வளைவுகளில் ஸ்டீயரிங் கையில் நிற்காமல் அலைந்தது. அம்மாவும் பிள்ளைகளும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் வெளிப்பக்கமாக மடங்கிவிடும். அதன் பிறகு ஸ்டீயரிங்கைத் திருப்பி எந்தப் பயனும் இல்லை. அந்த மலைச்சாலையில் அது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கும்போது, போன பணத்தைவிட அதை விற்றவர்களின் நெஞ்சழுத்தம்தான் ஆத்திரமூட்டுகிறது.

மறுநாள் பட்டறையில் எல்லாவற்றையும் கழற்றினோம். முன்பு கழற்றிய பழைய லோயர் ஆர்மை மெக்கானிக் மூலையில் போட்டு வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் வேறு விளக்கமே தேவைப்படவில்லை. பழையதில் பாக எண் இரும்பிலேயே அழுத்திப் பொறிக்கப்பட்டிருந்தது. புதியதில் இருந்தது ஒரு காகிதச் சீட்டு மட்டும். பழைய புஷ்ஷில் ரப்பர் வெடித்திருந்தாலும் உலோகக் குழாயோடு ஒட்டியே இருந்தது. புதியதிலோ ரப்பரை விரலால் தள்ளியதும் முழுதாக வெளியே வந்துவிட்டது. பால் ஜாயின்ட்டின் தண்டு, தொட்டால் விழுகிற பல்லைப்போலத் தளர்ந்து கிடந்தது. வாயு நிரப்பிய ஷாக் அப்சார்பரின் கம்பியை அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் மெதுவாகத் தானே மேலேறி வர வேண்டும். இவர்கள் அனுப்பியது அழுத்திய இடத்திலேயே நின்றுகொண்டது. பெட்டியின் விலைச்சீட்டை உரித்தபோது அடியில் இன்னொரு சீட்டு, வேறொரு பாக எண்ணோடு ஒட்டியிருந்தது. "கையிலயே ஆடுது பாருங்க அண்ணாச்சி, இத மாட்டிக்கிட்டு இனி மலைக்கு ஏறிராதிய" என்றார் மெக்கானிக்.

இதற்குப் பிறகுதான் அலைக்கழிப்பு தொடங்கியது. முதலில் படம் கேட்டார்கள், அனுப்பினேன். படத்தில் தெளிவில்லை, காணொளி வேண்டும் என்றார்கள், அதையும் அனுப்பினேன். பத்து நாள் கடந்துவிட்டதால் திரும்பப் பெற முடியாது என்றார்கள். நான் கேட்பது ஓராண்டு உத்தரவாதத்தை என்று எழுதியதும், வண்டியில் பொருத்திய சாமானுக்கு உத்தரவாதம் பொருந்தாது என்றார்கள். வண்டியில் பொருத்தாமல் ஷாக் அப்சார்பருக்கு ஓராண்டு உத்தரவாதம் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. அடுத்து, பொருத்தியதில்தான் தவறு, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலிருந்து கடிதம் கொண்டுவாருங்கள் என்றார்கள். வெளியே வாங்கிய சாமானுக்கு எந்த சர்வீஸ் சென்டரும் கடிதம் தராது என்பது, இதே தொழிலில் இருக்கும் அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? வீரவநல்லூர் என்று சொன்னவரைத் தேடி அதே எண்ணுக்கு அழைத்தால், இந்த எண்ணுக்கு அழைப்புகளை ஏற்பதில்லை என்ற பதிவுக் குரல் கேட்கிறது. இடையிலேயே என் புகார் 'தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி அனுப்பி அதை மூடினார்கள். நேற்று வந்த கடைசிப் பதிலில், நாங்கள் வாங்குபவரையும் விற்பவரையும் இணைக்கும் தளம் மட்டுமே, விற்பனையாளரை நீங்களே அணுகுங்கள் என்று முடித்துவிட்டார்கள். ரசீதில் உள்ள விற்பனையாளரின் எண் உபயோகத்தில் இல்லை.

14,850 ரூபாய் சாமானுக்கு மட்டும். இரண்டு முறை கொடுத்த கூலியும் அலைன்மென்ட் செலவும் தனி. இப்போது வண்டியில் இருப்பவை திருநெல்வேலியிலேயே கார் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் 18,400 ரூபாய்க்கு வாங்கியவை. ஆக, மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் சொச்ச வித்தியாசத்தைக் காட்டித்தான் 14,850 ரூபாயைப் பறித்திருக்கிறார்கள்.

எங்கே வாங்குவது, எப்படிச் சோதிப்பது என்பதை முடிவில் சொல்கிறேன் என்றேன். ஆணையத்துக்கான தாள்களைத் தயார்செய்ய வேண்டியிருப்பதால் முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். ஸ்டீயரிங், பிரேக், சஸ்பென்ஷன் மூன்றுக்கும் உரிய சாமான்களை நேரில் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய அங்கீகாரம் பெற்ற கடையில் வாங்குங்கள். ரசீதில் ஒவ்வொரு பாக எண்ணும் இருக்க வேண்டும். இல்லையென்றால் சாமானை வண்டியில் மாட்டாமலே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெட்டி திறப்பதை முழுமையாகக் காணொளி எடுங்கள். பட்டறையில் கழற்றும் பழைய சாமானைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஷாக் அப்சார்பரை மாட்டுவதற்கு முன் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, இத்தகைய தளங்கள் குறைதீர் அலுவலரின் பெயரை வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம், அவர்கள் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். இதே மாதிரியான அங்காடியில் ஏற்கெனவே பணம் கட்டிச் சாமானுக்காகக் காத்திருப்பவர்கள், பெட்டி வந்ததும் விலைச்சீட்டின் ஓரத்தை நகத்தால் உரித்துப் பாருங்கள். அடியில் இன்னொரு சீட்டு இருந்தால் அன்றைக்கே புகார் எழுதுங்கள். பத்து நாள் கடந்துவிட்டால் எனக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்வார்கள்.