எம்340ஐ, எஸ்5, சி43: சிறுமலைக் கொண்டை ஊசியில் எது ஜெயிக்கும்?

மதுரையில் கார்ப் பிரியர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் சிலிண்டர் எண்ணிக்கையில் போய்த்தான் நிற்கும். "ஒரு கோடியைக் குடுத்து நாலு சிலிண்டர் வண்டியாண்ணே?" என்று ஒருவர் கொளுத்திப் போடுவார். "ஓட்டிப் பாத்துட்டுப் பேசு மாப்ள" என்று இன்னொருவர் எகிறுவார். 2023 நவம்பரில் மெர்சிடிஸ் தன் ஏஎம்ஜி சி43 செடானை 98 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் இந்தியாவில் இறக்கியதிலிருந்து இந்தச் சண்டை ஓயவில்லை. பழைய சி43-ல் இருந்தது 3 லிட்டர் வி6, அதாவது வி வடிவில் ஆறு சிலிண்டர். புதியதில் 2 லிட்டர், நாலு சிலிண்டர். எதிரே பிஎம்டபிள்யூ எம்340ஐயும் ஆடி எஸ்5 ஸ்போர்ட்பேக்கும் ஆறு சிலிண்டரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

பேப்பரில் பார்த்தால் சி43 தோற்பதற்குக் காரணமே இல்லை. அது 408 குதிரைத்திறன், எம்340ஐ 374, எஸ்5 354. ஆனால் பூஜ்யத்திலிருந்து 100 கி.மீ. வேகம் தொட எம்340ஐக்கு 4.4 விநாடி, சி43-க்கு 4.6, எஸ்5-க்கு 4.8. திறன் குறைந்த வண்டி முந்துகிறது. இந்த 0.2 விநாடியை வைத்தே மணிக்கணக்கில் வாதாடுகிறவர்களை எனக்குத் தெரியும். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் எந்த சிக்னலில் இந்த 0.2 விநாடியை அளக்கப்போகிறார்களோ, அவர்களுக்கே வெளிச்சம்.

எனக்கு ஆர்வமாக இருந்தது வேறு ஒரு எண். மூன்று வண்டிக்கும் டார்க், அதாவது இன்ஜினின் முறுக்கு விசை, 500 என்எம் (நியூட்டன் மீட்டர்). ஒன்று கூடுதலும் இல்லை, ஒன்று குறைவும் இல்லை. ஆனால் ஆடியில் அந்த 500 முழுசாக 1,370 ஆர்பிஎம்மிலேயே (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) வந்து 4,500 வரை நிற்கிறது. பிஎம்டபிள்யூவில் 1,900-ல் வந்து 5,000 வரை. சி43-ல் முழு 500-ம் கைக்கு வருவது 5,000 ஆர்பிஎம்மில். மூன்று வண்டியின் குணமும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலை ஏறும் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. ரோடு குறுகல். மேலிருந்து வாழைத்தார் ஏற்றிய மினி லாரியோ பஸ்ஸோ இறங்கினால் நாம்தான் ஓரம் கட்டி நிற்கவேண்டும். வளைவுக்கு முன் பிரேக் பிடித்து, ஹாரன் அடித்து, ஸ்டியரிங்கை ஒடித்து, இரண்டாவது கியரில் வளைவைவிட்டு வெளியே வரும்போது இன்ஜின் 2,000 ஆர்பிஎம் பக்கம்தான் சுற்றிக்கொண்டிருக்கும். அங்கே ஆக்சிலரேட்டரில் காலை வைத்ததும் வண்டி என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

எஸ்5 உடனே இழுக்கும். டீசல் வண்டி ஓட்டிப் பழகியவருக்குக் கைப்பழக்கமான இழுவை. அதன் வி6-ல், புகைக்காற்றால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவை இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவிலேயே பொருத்தியிருக்கிறார்கள். புகைக்காற்று நடக்கவேண்டிய தூரம் குறைவு, அதனால் பூஸ்ட் சீக்கிரம் ஏறுகிறது. ஆனால் வளைவுக்குள் நுழையும்போது அதே இன்ஜின் எதிரியாகிறது. ஆடியில் இன்ஜினின் பெரும்பகுதி முன் ஆக்சிலுக்கும் முன்னால் தொங்குகிறது. கொண்டை ஊசியில் கொஞ்சம் வேகம் கூடிவிட்டால் மூக்கு வெளிப்பக்கம் ஓடப் பார்க்கும். ஆடியின் நாலு சக்கர இழுவையான குவாட்ரோ எல்லாச் சக்கரத்துக்கும் பிடியைக் கொடுத்துக் காப்பாற்றிவிடும், ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் வண்டி திரும்பியது என்ற நிம்மதி வருமே தவிர, நான் திருப்பினேன் என்ற சந்தோஷம் வராது.

சி43 இங்கே ஒரு வித்தை வைத்திருக்கிறது. பின் சக்கரமும் 2.5 டிகிரி வரை திரும்பும். 100 கி.மீ. வேகத்துக்குக் கீழே முன் சக்கரத்துக்கு எதிர்த்திசையில் திரும்புவதால் நீளமான செடான் குட்டை வண்டி போல மடங்குகிறது. வளைவுக்குள் நுழைவதை மட்டும் போட்டியாக வைத்தால் மூன்றில் முதல் பரிசு இதற்குத்தான், மறுபேச்சு இல்லை. பிரச்சினை வெளியே வரும்போது. டர்போவின் தண்டிலேயே ஒரு சிறு மின்மோட்டாரை வைத்து, புகைக்காற்றுக்குக் காத்திராமல் அதைச் சுழற்றிவிடுகிறார்கள். ஃபார்முலா 1-லிருந்து வந்த வேலை, நிமிடத்துக்கு 1,75,000 சுற்று வரை போகும் என்கிறது கம்பெனி. மிதித்த பிறகு டர்போ விழித்துக்கொள்ளத் தாமதமாகும் டர்போ லேக் என்ற பழைய வியாதி இதில் இல்லை, நிஜம்தான். ஆனால் லேக் இல்லாமல் இருப்பதும் கீழேயே முழு பலம் இருப்பதும் ஒன்றாகாது. நன்றாக மிதித்து, இன்ஜினை மேலேயே கத்தவிட்டு ஓட்டினால் அபாரம். எதிரே பஸ் வருமோ என்று பயந்துகொண்டே ஓட்டும் ரோட்டில் யார் 5,000 ஆர்பிஎம்மில் சுற்றப்போகிறார்கள்?

எம்340ஐ இரண்டுக்கும் நடுவில் நிற்கவில்லை. இரண்டையும் தாண்டி நிற்கிறது. வரிசையாக நிற்கும் ஆறு சிலிண்டர், அதிர்வே இல்லாத சுழற்சி, ஆடியைவிடக் கொஞ்சம் தாமதமாக வந்தாலும் ரொம்ப மேலே வரை அலுக்காமல் போகும் டார்க். இரண்டு பின் சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல் மின்னணு முறையில் பூட்டிக்கொள்வதால், வளைவின் பாதியிலேயே காலை வைக்கலாம். வெளிச்சக்கரம் தள்ளி வண்டியை உள்ளே திருப்பிவிடும். இடுப்பில் அது தெரியும். "பின்னாடி இருந்து யாரோ கைகொடுத்துத் தள்ற மாதிரி இருக்குண்ணே" என்று ஓட்டிவிட்டு இறங்கிய ஒரு தம்பி சொன்னதுதான் நான் கேட்டதிலேயே சரியான விமர்சனம்.

தூத்துக்குடி நான்கு வழிச்சாலை போன்ற நேர்ரோட்டில் கணக்கு மாறும் என்று சி43 கட்சிக்காரர்கள் சொல்வார்கள். மாறும்தான். நாலாவது கியரில் நல்ல நீளமான இழுப்பில் அந்த 408 குதிரை வெளியே வரும். ஆனால் அது வெளியே வரும் வேகம் போர்டில் போட்டிருக்கும் வேகத்தைவிட ரொம்பவே அதிகம். ஊர் வாசலில் பேரிகார்டு, குறுக்கே வரும் டிராக்டர், எதிர்த்திசையில் ஓரமாக ஊர்ந்துவரும் பைக். அந்த வேகத்தை வைத்து ஒரு வண்டியைத் தேர்ந்தெடுப்பது எனக்குச் சரியாகப்படவில்லை.

சத்தத்தைப் பற்றிப் பேசாமல் இந்தச் சண்டை முடியாது. நாலு சிலிண்டரை வெறுப்பவர்கள் உண்மையில் வெறுப்பது அதன் குரலைத்தான். சி43 எக்ஸாஸ்ட் சத்தம் பெரிசு, கோபம் இருக்கிறது, கியர் மாற்றும்போது வெடிக்கவும் செய்யும். ஆனால் ராகம் இல்லை. அதன் அண்ணன் சி63-க்கு இதைவிட மோசமாகத் திட்டு விழுந்தது. 4 லிட்டர் வி8 இருந்த இடத்தில் அதே 2 லிட்டர் இன்ஜினும் மின்மோட்டாரும் வைத்து 680 குதிரைத்திறன் எடுத்தார்கள். எண்ணில் வி8-ஐ மிஞ்சியது, பிரியர்கள் மன்னிக்கவில்லை. 2024 நவம்பரில் இந்தியாவில் அதன் விலை 1.95 கோடி. அதே மாதம் பிஎம்டபிள்யூ எம்5, வி8-ஐ வைத்துக்கொண்டே ஹைபிரிட் ஆகி, 727 குதிரைத்திறனோடு 1.99 கோடிக்கு வந்தது. அதற்கு வேறு வகை வசவு: எடை 2,400 கிலோவுக்கு மேல். ஒருவருக்கு இன்ஜின் சிறிசு, இன்னொருவருக்கு வண்டி கனம். ஜெர்மனியில் உட்கார்ந்து வண்டி செய்கிறவர்களைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

எம்340ஐயின் சத்தத்திலும் கொஞ்சம் ஸ்பீக்கர் வழியாக உள்ளே விடப்படும் ஒப்பனை உண்டு. ஆனால் அடிப்படைக் குரல் நல்லது. எஸ்5 மூன்றில் அடக்கமானது. விடியற்காலையில் கே.கே. நகர் தெருவில் கிளப்பினால் பக்கத்து வீட்டு அம்மா எழுந்துவர மாட்டார். இதையும் ஒரு தகுதியாகவே எழுதிவைக்கிறேன்.

ஊருக்குள் வருவோம். கோரிப்பாளையத்திலிருந்து சிம்மக்கல் தாண்டும் வரை நகர்ந்து நகர்ந்து போகும் நெரிசலில் கியர்பாக்ஸின் லட்சணம் தெரிந்துவிடும். எம்340ஐக்கும் எஸ்5-க்கும் இசட்எஃப் கம்பெனியின் 8 கியர், திரவத்தின் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வகை, வெண்ணெய். சி43-ல் 9 கியர், டார்க் கன்வர்ட்டருக்குப் பதிலாக எண்ணெயில் ஊறும் கிளட்ச். வேகத்தில் சுளீர் என்று மாறும். நெரிசலில் சின்னச் சின்ன உலுக்கல் தரும்.

பிறகு வேகத்தடை. நம் பக்கம் எந்த அளவும் இல்லாமல், ஒரு விபத்து நடந்த மறுநாள் ஊர்க்காரர்களே சிமென்ட் போட்டு எழுப்பிய தடைகள் நிறைய. இந்த மூன்று வண்டியிலும் முன் லிப், அதாவது பம்பரின் கீழ் விளிம்பு, தாழ்வு. நேராக ஏறினால் ஒன்று லிப் உரசும், இல்லையென்றால் நடு வயிறு தட்டும். கோணலாக, ஒரு சக்கரம் ஏறி அடுத்த சக்கரம் ஏறுகிற மாதிரி, பின்னால் வருகிற ஆட்டோக்காரரின் ஏச்சை வாங்கிக்கொண்டே ஏற்றி இறக்கவேண்டும். 18, 19 அங்குல வீலில் டயரின் பக்கச்சுவர் இரண்டு விரல் கனம்தான் இருக்கும். பள்ளத்தில் ஒருமுறை ஓங்கி விழுந்தால் டயர் ஓரத்தில் கொழுக்கட்டை வீங்கிவிடும். அதைத் தடவிப் பார்த்துவிட்டு டயர் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினால் தீர்ந்தது, மாற்றத்தான் வேண்டும். குலுக்கலில் மூன்றில் சொகுசு எஸ்5, மோசம் சி43. தல்லாகுளத்தில் தொடங்கும் 7.3 கி.மீ. நத்தம் சாலைப் பறக்கும் பாலத்தில் ஒவ்வொரு இணைப்பும் சி43-ல் முதுகெலும்பில் எண்ணிக்கொள்ளும்படி கேட்கும்.

பின் சீட்டு, டிக்கி விஷயத்தில் சுருக்கமாக முடிக்கலாம். எஸ்5-ல் பின் கண்ணாடியோடு சேர்ந்து மொத்தக் கதவும் தூக்கும், கல்யாண வீட்டுக்குப் போகும்போது சாமான் வைக்க அருமை. ஆனால் கூரை சரிவதால் உயரமானவர் தலை இடிக்கும். மற்ற இரண்டிலும் பெரியவர்கள் ஏறி இறங்கச் சிரமம்தான்.

பணத்துக்கு வந்தால் ஆட்டம் ஒருபக்கமாகச் சாய்கிறது. எம்340ஐ செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில், 2007-ல் தொடங்கிய பிஎம்டபிள்யூ ஆலையில் கோர்க்கப்படுகிறது. மற்ற இரண்டும் முழு வண்டியாகக் கப்பலில் வருபவை. இறக்குமதி வரி ஏறக்குறைய வண்டியின் விலைக்குச் சமம். 2021 மார்ச்சில் எம்340ஐயும் எஸ்5-ம் ஒரே மாதத்தில் வந்தபோது விலை 62.90 லட்சத்துக்கும் 79.06 லட்சத்துக்கும் இருந்த வித்தியாசம் பெரும்பாலும் இந்த வரிதான். 2024 புதுப்பிப்பில் எம்340ஐ 74.90 லட்சம் ஆனது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறியதால் இந்த எண்களெல்லாம் நகர்ந்திருக்கும். ஷோரூமில் புது விலை கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இடைவெளி மறையாது. அதற்குமேல் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 2023 நவம்பரிலிருந்து ஆயுள் சாலை வரி 20 சதவீதம். 98 லட்ச வண்டிக்கு ஆர்டிஓவில் மட்டும் 19 லட்சத்து 60 ஆயிரம், 74.90 லட்ச வண்டிக்கு 15 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. விலை, வரி இரண்டும் சேர்த்து வித்தியாசம் 27 லட்சத்துக்கு மேல். வீட்டுக்கு இன்னொரு கார் வாங்கி நிறுத்தலாம்.

சர்வீஸ் விஷயத்தில் ஒரு வார்த்தை. எனக்குத் தெரிந்த ஒருவர் இறக்குமதி வண்டி ஒன்றின் முன் பம்பருக்காக மாதக்கணக்கில் காத்திருந்து, கிளிப் போட்டுக் கட்டிக்கொண்டு ஓட்டினார். எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை. வாங்குமுன் மதுரையிலேயே ஒர்க்ஷாப் இருக்கிறதா, இல்லை ஒவ்வொரு சர்வீஸுக்கும் கோவை, சென்னை என்று வண்டியை லாரியில் ஏற்றவேண்டுமா என்று கேளுங்கள். பெட்ரோலும் 95 ஆக்டேன் கிடைக்கும் பங்க்கைப் பார்த்துத்தான் போடவேண்டும். கொடைக்கானல் ஏறுவதாக இருந்தால் கீழேயே டேங்கை நிரப்பிக்கொள்வது நல்லது.

செகண்ட் ஹேண்டில் தேடுகிறவர்களுக்கு என் ஓட்டு மாறும். அங்கே எஸ்5 நல்ல பேரம். புதிதாக வாங்கியவர் கட்டிய இறக்குமதி வரியையெல்லாம் தேய்மானம் தின்றிருக்கும். எம்340ஐயில் முதலில் வந்த வண்டிகள் 387 குதிரைத்திறன், பிறகு வந்தவை 374. ஓட்டும்போது வித்தியாசம் தெரியாது, ஆனால் பழையதை விற்கிறவர் அதைச் சொல்லிக் காட்டி விலை ஏற்றுவார், மசிய வேண்டாம். பாதி விலையில் பாதி சுகம் போதும் என்பவர்களுக்கு 2025 அக்டோபரில் 49.99 லட்சத்துக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் இருந்தது. 265 குதிரைத்திறன். வந்ததே நூறு வண்டிதான், புக்கிங்கிலேயே தீர்ந்துவிட்டது.

புதிதாக வாங்குவதென்றால் எம்340ஐ. சி43 வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால் அதையும் குறை சொல்ல மாட்டேன், அந்த வளைவு நுழைவு ஒருமுறை கண்டவரை விடாது. எதுவானாலும் டெஸ்ட் டிரைவை ராத்திரி காலி ரிங் ரோட்டில் கேட்காதீர்கள். வீட்டில் இருக்கிறவர்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு பகலில் உங்கள் தெருவுக்குக் கொண்டுவரச் சொல்லி, நீங்கள் தினமும் ஏறுகிற வேகத்தடையில் நேராக ஒருமுறை, கோணலாக ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். விற்பனைப் பையன் முகத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.