பழைய டீசல் பிக்கப்பில் மிஸ்ஸிங், பிரேக் கோளாறு: ஸ்கேனரா, கைச் சோதனையா?

பிக்கப் பழசாக ஆக இந்தக் கேள்வி எல்லாருக்கும் வரும். இன்ஜின் மிஸ்ஸிங் அடிக்கிறது (ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் திணறுகிறது), மேட்டில் இழுவை இல்லை, பிரேக்கும் முன்போலப் பிடிக்கவில்லை. நேராக ஸ்கேனர், அதாவது வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் கருவி, வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குப் போவதா, தெரிந்த மெக்கானிக்கை வைத்து ஒவ்வொன்றாகக் கையால் சோதிப்பதா? ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றும் எங்கள் வண்டி நாலு சிலிண்டர் காமன் ரெயில் டீசல் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே அழுத்தக் குழாயான ரெயிலிலிருந்து டீசல் போகும்), பிஎஸ்4 புகை விதிக்கு வந்தது. ரெண்டு வழியையும் பார்த்த பிறகு நான் கைச் சோதனைப் பக்கம்தான் நிற்கிறேன்.

முதலில் வந்த டாடா ஏஸ், அதாவது நம் ஊர் குட்டி யானை போல மெக்கானிக்கல் பம்ப் வண்டி என்றால் யோசிக்கவே வேண்டாம், ஸ்கேனர் செருக அதில் இடமே கிடையாது. ஓடும் இன்ஜினில் இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. ஆனால் காமன் ரெயில் வண்டியில் இதைச் செய்யவே கூடாது. ஐடிலிங்கிலேயே ரெயிலில் 250 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும், லோடு இழுக்கும்போது 1,000 பாரைத் தாண்டிவிடும். பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்க்கச் சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது. அதற்குப் பதில் இன்ஜினை நிறுத்தி, ஒரு இன்ஜெக்டரின் ஒயர் சாக்கெட்டைக் கழற்றி, மறுபடி ஸ்டார்ட் செய்து கேட்கலாம். ஓடும்போது சாக்கெட்டைப் பிடுங்க வேண்டாம். இன்ஜெக்டருக்குப் போகும் மின்சாரம் பேட்டரியின் 12 வோல்ட்டைவிடப் பல மடங்கு அதிகம்.

ஸ்கேனரின் பலம் வேகம். செருகியதும் கோடு, அதாவது கோளாறைக் குறிக்கும் எண், வந்துவிடும். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0304 என்றால் நாலாவது. போனோடு புளூடூத்தில் சேரும் மலிவான ஈஎல்எம்327 அடாப்டர் கூடப் பொதுவான கோடுகளைப் படித்துவிடும். கம்பெனி ஸ்கேனர் என்றால் ஐடிலிங்கில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஈசியூ (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) எவ்வளவு டீசலைக் கூட்டிக் குறைக்கிறது என்பதையும் காட்டும். அது நிஜமாகவே உதவும் தகவல்.

சிக்கல் எங்கே என்றால், கோடு சொல்வது அறிகுறியை மட்டும்தான். பழைய டீசலில் அடிக்கடி வரும் பி0087-ஐ எடுத்துக்கொள்வோம். ரெயில் அழுத்தம் குறைவு என்பதுதான் அதன் பொருள். அடைத்த ஃபில்டர், பைப்பில் காற்று, பிரஷர் ரெகுலேட்டர், தேய்ந்த ஹை பிரஷர் பம்ப், ரிட்டர்னில் டீசலை விடும் இன்ஜெக்டர் என்று எதனாலும் அது வரும். ஒரு முனையில் சில நூறு ரூபாய், மறுமுனையில் பல ஆயிரம். கோடைப் பார்த்ததும் பம்பை மாற்றச் சொல்லும் இடங்கள் இருக்கின்றன. பழைய வண்டியில் பராமரிப்புச் செலவு எகிறுவது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான்.

இங்கேதான் பாட்டில் சோதனை கைகொடுக்கிறது. நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் பைப்பையும் (மிச்ச டீசல் திரும்பிப் போகும் பைப்) கழற்றி, ஒரே அளவுள்ள நாலு பாட்டிலுக்குத் தனித்தனி டியூப் விட்டு, சில நிமிஷம் ஐடிலிங்கில் ஓட விட வேண்டும். மூன்றில் சமமாக இருந்து ஒன்றில் மட்டும் மளமளவென்று ஏறினால் அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்திருக்கிறது. காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்வதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். நாலும் சமமாகவும் குறைவாகவும் இருந்தால் இன்ஜெக்டர் கசிவு இல்லை. அப்போது ஃபில்டரை மாற்றிவிட்டு, ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் உள்ளே தெரியும் டியூப் போட்டுக் குமிழி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் பம்பைப் பற்றிப் பேச வேண்டும். நாஸில் சரியாகத் தூவுகிறதா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. அதற்கு டீசல் பம்ப் கடையில் பெஞ்சில் ஏற்றித்தான் பார்க்க வேண்டும். ஐடிலிங்கில் விடாமல் வெள்ளைப் புகையும் மிஸ்ஸிங்கும் சேர்ந்து வந்தால் கம்ப்ரெஷனையும் பார்த்துவிடுவது நல்லது.

ஸ்கேனர் இல்லாமல் முடியாத வேலை ஒன்று உண்டு. புது இன்ஜெக்டர் போட்டால் அதன் மேல் பொறித்திருக்கும் குறியீட்டைப் பல வண்டிகளில் ஈசியூவில் ஏற்ற வேண்டும். அதை மட்டும் ஒர்க்‌ஷாப்பில் காசு கொடுத்துச் செய்துகொள்ளலாம். பிஎஸ்6 வண்டிகளில் எனக்கு அனுபவம் குறைவு. அவற்றில் சென்சார்கள் அதிகம் என்பதால் ஸ்கேனர் பக்கம் தராசு சாயலாம்.

பிரேக்கில் போட்டியே இல்லை. ஏபிஎஸ் இல்லாத பழைய பிக்கப்பில் ஸ்கேனர் பிரேக்கைப் பற்றி ஒன்றும் சொல்லாது. காலும் கண்ணும் மூக்கும்தான். பெடலை அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெதுவாகக் கீழே இறங்குகிறது, வெளியே கசிவும் இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டர் ரப்பரைச் சந்தேகிக்கலாம். டிரம் அடியில் ஈரம் தெரிந்தால் முகர்ந்து பாருங்கள். கந்தக நாற்றம் அடித்தால் ஆக்ஸில் சீல் போய் கியர் ஆயில் வருகிறது, இல்லாவிட்டால் வீல் சிலிண்டர். பெடல் கல்லு மாதிரி இருந்தால் இன்ஜினை அணைத்து நாலைந்து தடவை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் இறங்கினால் மிதிப்பை லேசாக்கும் வேக்கம் பூஸ்டர் சரி. இறங்காவிட்டால் பூஸ்டர், வேக்கம் ஹோஸ், பம்ப் மூன்றையும் பார்க்க வேண்டும். பல டீசல் வண்டிகளில் அந்த வேக்கம் பம்ப் ஆல்டர்னேட்டர் பின்னால் இருக்கும். சில வண்டிகளில் டர்போவையும் அதே வேக்கம்தான் இயக்குகிறது, அதனால் இழுவைக் குறைவும் கெட்டிப் பெடலும் சேர்ந்தே வந்தால் ஹோஸில் ஆரம்பிப்பது நல்லது.

பலர் கவனிக்காத ஒன்று: பின் ஆக்ஸிலுக்கு மேலே லோடுக்கு ஏற்ப பிரேக் அழுத்தத்தைக் கூட்டும் வால்வு பல பிக்கப்களில் இருக்கிறது. பின்பக்கம் எவ்வளவு தாழ்கிறது என்பதை வைத்துத்தான் அது லோடைக் கணிக்கும். ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்டுவிட்டால் பின்பக்கம் தாழாது, லோடு ஏறியிருந்தாலும் வண்டி காலி என்று வால்வு எடுத்துக்கொள்ளும். பின் பிரேக் பலவீனமாகி, முன் பேட் சீக்கிரம் கரையும். லைனிங்கை எத்தனை தடவை மாற்றினாலும் தீராது. வால்வின் ராடு துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கொடைக்கானல் மலையிலிருந்து லோடோடு இறங்குபவர்கள் பிரேக் ஆயிலையும் விடக்கூடாது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறையாமல் தாங்கும். ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த அளவு 140 வரை இறங்கலாம், கொதித்தால் பெடல் நேராகத் தரைக்குப் போகும். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மிஸ்ஸிங்கும் பிரேக் கோளாறும் ஒன்றாக வந்து கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், பிரேக்கை முடிக்கும் வரை வண்டியை மலைக்கு அனுப்ப வேண்டாம்.