வீட்டில் வால்வு மாற்றிய பெயின்ட்பால் டேங்கை வாங்காதீர்கள்

டாலஸ் பக்கம் பிள்ளைகளுக்குப் பழைய பெயின்ட்பால் துப்பாக்கி (வாயு அழுத்தத்தில் சாய உருண்டைகளைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி) தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். மகனுக்காகத் துப்பாக்கியும் 20 அவுன்ஸ் கார்பன் டை ஆக்சைடு டேங்கும் சேர்த்து ஒருவரிடம் 120 டாலருக்கு வாங்கினேன். ஆன்டி-சைஃபன் வால்வைத் தானே வீட்டில் பொருத்தியதாகப் பெருமையாகச் சொன்னார். துப்பாக்கியில் டேங்க் படுத்தவாக்கில் இருப்பதால் உள்ளே இருக்கும் திரவம் துப்பாக்கிக்குள் போய்விடும். ஆன்டி-சைஃபனில் உள்ள வளைந்த குழாய் மேலே நிற்கும் வாயுவை மட்டும் எடுக்கும். நல்ல விஷயம்தான். ஆனால் அதைப் போட டேங்கின் வால்வையே கழற்றிப் பூட்ட வேண்டும். வினை அங்கேதான்.

நிரப்பக் கொண்டுபோனேன். கடைக்காரர் டேங்கைக் கையில் வாங்கியதுமே முகம் மாறியது. வால்வுக்கும் டேங்குக்கும் நடுவே டெஃப்லான் டேப் வெள்ளையாகப் பிசிறிக்கொண்டு நின்றது. மீதியிருந்த வாயுவை வெளியேற்றிவிட்டு, வால்வை வெறும் கையால் கழற்றி மேசைமேல் வைத்தார். ஸ்பானரே தேவைப்படவில்லை. குழாயில் தண்ணீர் ஒழுகாமல் இருக்கச் சுற்றும் டேப்பை நம்பி 850 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு 850 பவுண்டு அழுத்தம். அதுவும் 21 டிகிரி செல்சியஸில்தான் அந்த அளவு. டெக்சாஸ் வெயிலில் காருக்குள் கிடந்தால் எங்கேயோ போய்விடும்.

அந்த நேரத்தில் காப்பாற்றுவதற்காகத்தான் வால்வில் மெல்லிய உலோகத் தகடு ஒன்று உண்டு. அழுத்தம் எல்லை மீறினால் அது கிழிந்து வாயுவை வெளியே விட்டுவிடும். நம்மாள் அதிலும் கைவைத்திருக்கிறார். கசிவை நிறுத்தவோ என்னவோ, ஒன்றுக்கு இரண்டு தகடு! அப்படியானால் கிழிய வேண்டிய நேரத்தில் கிழியாது. அப்புறம் டேங்க் முழுக்கக் கறுப்புப் பெயின்ட். சுரண்டிப் பார்த்தால் சோதனைத் தேதி எப்போதோ காலாவதி. இந்த அளவு டேங்கை அமெரிக்காவில் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஹைட்ரோ சோதனை (தண்ணீர் நிரப்பி அழுத்தம் தாங்குமா என்று பார்ப்பது) செய்ய வேண்டும். பெயின்ட் அழகுக்கு அடித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

துப்பாக்கியிலிருந்து டேங்கைக் கழற்றும்போதுதான் பெரிய ஆபத்து. வால்வு தளர்ந்திருந்தால் அது துப்பாக்கியோடு நின்றுவிடும், டேங்க் மட்டும் சுழன்று கழன்று ராக்கெட் மாதிரிப் பாயும். அமெரிக்காவில் இப்படி உயிர்ப்பலியே நடந்திருக்கிறது. 2004-இல் அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கை விட்டது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வால்வுக்கும் டேங்குக்கும் குறுக்கே நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கழற்றும்போது கோடு விலகினால் அதோடு நிறுத்திவிட்டு, தெரிந்த கடைக்காரரைக் கூப்பிடுங்கள்.

விற்றவரிடம் கேட்டேன். “துப்பாக்கி சுடுதுல்ல, அப்புறம் என்ன பிரச்சினை?” என்ற பாணியில் பதில், அடுத்து என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். பணம் வரவில்லை. டேங்கைக் கடையிலேயே உடைத்துப் போடச் சொல்லிவிட்டேன். அவர் இப்போது இன்னொன்றை விற்பனைக்குப் போட்டிருக்கிறார்: 20 அவுன்ஸ், கறுப்புப் பெயின்ட், ‘புது வால்வு’, 40 டாலர்.