இரும்புச்சத்து மாத்திரை: மூன்று மாதம் போட்டுப் பார்த்ததில்

ஃபெரஸ் அஸ்கார்பேட், 100 மி.கி. எனக்கு எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்), இடது சினைப்பையில் சாக்லேட் கட்டி. அதற்குள் தேங்கிய பழைய ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்து இரும்பு மிதமிஞ்சிக் கிடக்கும், அதுதான் சுற்றியுள்ள திசுவைப் புண்ணாக்கி அழற்சியைக் கூட்டுகிறதோ என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள், அப்படியிருக்க இன்னும் இரும்பை விழுங்குவதா என்று பயந்துகொண்டேதான் ஆரம்பித்தேன். டாக்டர் சிரித்தார்: அங்கே தேங்குவது வேறு, மாதாமாதம் கொட்டிப்போவது வேறு.

ஹீமோகுளோபின் 8.9 இருந்தது, இப்போது 11.2. மாடி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. வலி? அப்படியேதான் இருக்கிறது, அது இந்த மாத்திரையின் வேலையும் இல்லை. மலம் தார் மாதிரிக் கறுக்கும், மலச்சிக்கல் பாடாய்ப் படுத்தும். காபி இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது, முதல் மாதம் அதோடு போட்டு வீணாக்கியது என் தப்பு. ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிட்டுத்தான் அடுத்த அட்டை.