மதெய்ராவில் உழவாரன் பார்க்க ஓர் அரைநாள்: வழிகாட்டிச் சேவை குறித்த மதிப்பீடு

ஜூன் மாதத்தில், அட்லாண்டிக் பெருங்கடலிலுள்ள போர்த்துக்கீசியத் தீவான மதெய்ராவின் தலைநகரான ஃபுஞ்சாலில் தங்கியிருந்தபோது, உழவாரன்களை மட்டுமே காட்டுவதற்கென்று ஒரு சிறு நிறுவனம் நடத்தும் அரைநாள் பயணத்தில் கலந்துகொண்டேன். திமிங்கிலம், கடற்பறவை என்று அங்கே படகுப் பயணங்களுக்குக் குறைவில்லை. ஆனால் கூரைகளுக்கு மேல் கீச்சிட்டுக்கொண்டு திரியும் ஒரு கறுத்த பறவையைக் காட்டவும் கட்டணம் வாங்குகிறார்கள் என்று அறிந்தபோது முதலில் சிரிப்புத்தான் வந்தது. குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

அந்தச் சிரிப்புக்குக் காரணம் நம் ஊர்ப் பழக்கம். நாட்டு உழவாரனை அதன் இடுப்பிலுள்ள வெள்ளைப் பட்டையைக் கொண்டும், பனை உழவாரனை அதன் மெலிந்த உடலையும் நீண்டு பிளந்த வாலையும் கொண்டும் கண்ட மாத்திரத்தில் சொல்லிவிடலாம். மதெய்ராவில் அந்த வசதி கிடையாது. அங்கே கூடு கட்டும் இரண்டு இனங்களுமே பழுப்பும் கருமையுமாக ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. வலசைக் காலத்தில் ஐரோப்பியக் கண்டத்து உழவாரனும் அந்த வழியாகக் கடந்து போவதுண்டு.

தீவின் சொந்தக்காரர் என்று சொல்லத்தக்கது, 1830இல் ஸ்காட்லாந்து இயற்கையியலாளர் வில்லியம் ஜார்டின் விவரித்துப் பெயரிட்ட இனம். அதன் அறிவியல் பெயர் ஏபஸ் யூனிகலர் என்பதால் இங்கே ஒருநிற உழவாரன் என்று குறிப்பிடுகிறேன். உள்ளூர்ப் போர்த்துக்கீசியத்தில் இதற்கு மலைத்தொடரின் உழவாரன் என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. எரிமலைகளால் கடலிலிருந்து எழுந்து, எந்தக் கண்டத்தோடும் ஒருபோதும் ஒட்டியிராத நிலம் மதெய்ரா. அங்குள்ள நிலப்பறவைகளின் மூதாதையர் கடலைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். ஒருநிற உழவாரன் பெரும்பாலும் இங்கேயும் கானரித் தீவுகளிலும்தான் குஞ்சு பொரிக்கிறது. இன்னும் தெற்கே கேப் வெர்டே தீவுகளில் வாழும் சிறிய, வெளிறிய உழவாரன் ஒரு காலத்தில் இதன் கிளையினமாகவே கருதப்பட்டு, இப்போது தனி இனமாக ஏற்கப்பட்டிருக்கிறது. இவை அனைத்தையும் வழிகாட்டி வண்டியில் போகும்போதே, அலுப்புத் தட்டாமல் சொல்லிக்கொண்டு வந்தார்.

முதல் நிறுத்தம் வீணாயிற்று. ஃபுஞ்சாலின் பழைய தெரு ஒன்றில், வெயில் ஏறிய பிறகு, எங்கள் ஆறு பேரையும் அண்ணாந்து பார்க்க வைத்தார்கள். வெளுத்த வானத்தின் பின்னணியில் உழவாரன் எதுவாயினும் கறுப்பாகத்தான் தெரியும். கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டிப் படம் எடுத்தால் தொண்டையின் மங்கிய சாம்பல் நிறம் வெள்ளையாகி, ஒருநிற உழவாரன்கூட, அங்கே கூடு கட்டும் மற்றோர் இனமான வெளிர் உழவாரனைப் போலாகிவிடும். என் படங்களில் நிகழ்ந்ததும் அதுவே. இதை வழிகாட்டி அழகாக விளக்கினார் என்பது உண்மை. ஆனால் பார்க்க முடியாது என்பதை விளக்குவதற்கு நாற்பது நிமிடம் செலவிட்டிருக்க வேண்டியதில்லை.

கொடுத்த பணத்துக்கு ஈடு செய்தது இரண்டாவது இடமான காபோ ஜிராவ். கடலிலிருந்து 580 மீட்டர் உயரத்தில் செங்குத்தாக நிற்கும் அந்தப் பாறை முகட்டில் கண்ணாடித் தரை போட்ட மேடை ஒன்று இருக்கிறது. கூட்டம் முழுவதும் கண்ணாடியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, வழிகாட்டி எங்களை ஓரத்துக் கம்பிவேலிக்கு அழைத்துச் சென்று, கீழே பார்க்கச் சொன்னார். வாழ்நாளில் முதல் முறையாக உழவாரன்களை நான் மேலிருந்து பார்த்தேன். அடியில் கருநீலக் கடல், அதன் ஓரத்தில் பச்சைப் பாத்திகள், இடையில் முதுகில் வெயில் விழ வட்டமிடும் பறவைகள்: நிறம் அப்போதுதான் நிறமாகத் தெரிந்தது. ஒருநிற உழவாரன் புகைபிடித்த அடுப்புச் சுவரைப் போல முதுகும் இறக்கையும் ஒரே சீரான கரும்பழுப்பாக இருந்தது. அதனிடையே வந்த வெளிர் உழவாரனின் இறக்கையில் உட்பகுதி பால் கலந்த தேநீர் நிறத்திலும் வெளி முனைகள் கருத்தும் இருக்க, நடு முதுகு சேணம் போட்டதுபோல் தனித்துத் தெரிந்தது.

நிறத்தைவிட உருவத்தையும் பறக்கும் விதத்தையும் நம்ப வேண்டும் என்று அவர் பலமுறை வற்புறுத்தினார். ஒருநிற உழவாரன் 14 முதல் 15 சென்டிமீட்டர் நீளமே உள்ள ஒல்லியான பறவை. வாலின் பிளவு ஆழமானது. இறக்கைகளை விரைவாக அடித்துப் பதற்றத்தோடு திசை மாற்றும். வெளிர் உழவாரன் அகன்ற தலையும் சற்று மழுங்கிய இறக்கை முனையும் கொண்டது. அவசரமின்றி நீண்ட நேரம் மிதக்கும். அரை மணி நேரத்துக்குப் பின் நாங்களே இனத்தைச் சொல்லத் தொடங்கினோம். பாதி விடைகளை அவர் மறுத்து, ஏன் மறுக்கிறார் என்பதையும் சொன்னார். இந்தச் சேவையின் தரம் எனக்கு அங்கேதான் விளங்கியது.

மூன்றாவதாக ஒரு பள்ளத்தாக்கின் பழைய கற்பாலம். ஒருநிற உழவாரன் செங்குத்துப் பாறைகளின் இடுக்குகளில் கூடு வைப்பது வழக்கம். பாலம், கட்டடம் ஆகியவற்றின் வெடிப்புகளையும் பயன்படுத்திக்கொள்கிறது. கூட்டுக்குத் தொந்தரவு நேராதபடி எங்களைத் தொலைவிலேயே நிறுத்தினார்கள். இதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். பாலத்தின் வளைவை நோக்கி நேராக வந்த ஒரு பறவையின் தொண்டை, பூச்சிகளை உமிழ்நீரில் உருட்டிச் சேர்த்ததால், கன்னத்தில் வெற்றிலை அடக்கியவரைப்போல் புடைத்திருந்தது. வேகம் குறைந்ததாகவே தெரியவில்லை. இரு கற்களுக்கு நடுவே விரல் நுழையும் அகலமே இருப்பதாகத் தோன்றிய இடுக்கில் புகுந்து மறைந்தது. கிளையில் அமர்வதற்கு ஏற்ற காலும் அதற்கு இல்லை. முன்னோக்கி அமைந்த குட்டை விரல்களால் செங்குத்துப் பரப்பைப் பற்றித் தொங்க மட்டுமே அதனால் முடியும்.

இங்கேதான் வழிகாட்டி ஒரு தவறும் செய்தார். இந்தப் பறவை பத்து மாதம் தரையிறங்காமல் பறக்கும் என்றார். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மிகச் சிறிய பதிவுக் கருவிகளைப் பொருத்தி 2016இல் வெளியிட்ட அந்த முடிவு, ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்கா சென்று திரும்பும் உழவாரனைப் பற்றியது. ஒரு பகுதிப் பறவைகள் ஆண்டு முழுவதும் தீவிலேயே தங்கிவிடும் ஒருநிற உழவாரன்மேல் அதை அப்படியே ஏற்றிச் சொல்லக் கூடாது. நான் சுட்டிக்காட்டியதும் மறுக்காமல் ஒப்புக்கொண்டார்.

பெரிய குறை விளம்பரத்தில் இருக்கிறது. 'மூன்று வகை உழவாரன்கள் உறுதி' என்று அச்சிட்டிருக்கிறார்கள். மூன்றாவதான ஐரோப்பிய உழவாரன் வழிப்போக்கன். கூடு கட்டும் பருவத்தில் அதை உறுதியளிப்பது நேர்மையாகாது. மேலும் அதன் இளம்பறவைக்குத் தொண்டை வெளுப்பு அதிகமாகவும் இறகுகளில் செதில் போன்ற வெளிர் விளிம்புகளும் இருப்பதால், வெளிர் உழவாரனோடு எளிதில் குழம்பும். எங்கள் குழுவில் ஒருவர் மூன்றாவதைப் பார்த்துவிட்டதாகக் குறித்துக்கொண்டதை அலுவலக ஊழியர் மகிழ்ச்சியோடு பட்டியலில் ஏற்றினார்; வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லை. இரவல் தரும் பைனாகுலர்கள் பத்து மடங்கு பெருக்குபவை. பார்வைப் புலம் குறுகலாக இருப்பதால் உழவாரனைத் துரத்துவதற்குள் கை சோர்ந்துவிடுகிறது. எட்டு மடங்கு உள்ளதைச் சொந்தமாகக் கொண்டு செல்லுங்கள்.

போக விரும்புவோர் முன்பதிவின்போதே நகரத் தெரு நிறுத்தத்தை விட்டுவிட்டு, காபோ ஜிராவில் கூடுதல் நேரம் கேட்டுப் பெறுவது நல்லது; நான் பின்னர் விசாரித்தபோது அதற்கு இணங்கினார்கள். குளிர்மாதங்களில் ஒருநிற உழவாரன்களின் எண்ணிக்கை குறைந்துவிடும் என்பதால் அப்போது இந்தப் பயணத்துக்குப் பணம் கட்ட வேண்டாம். வசந்தத்திலும் கோடையிலும் போனால் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன்; கழித்த ஒன்று அந்த விளம்பர அட்டைக்கு.