2,180 ரூபாய் போச்சு: 3டி என்று சொன்னதும் நம்பிவிடாதீர்கள்

நேற்று இரவு நடந்தது. கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். நாளை சனிக்கிழமை, நிறைய பேர் குடும்பத்தோடு கிளம்புவீர்கள்.

ஒரு மால் தியேட்டர், பெயர் வேண்டாம். பெரிய பட்ஜெட் படம். நான், மனைவி, மகள், 74 வயது அப்பா. அப்பா தியேட்டர் பக்கம் போய் ஆறேழு வருடம் ஆகிறது. நான்தான் வற்புறுத்திக் கூட்டிப்போனேன். டிக்கெட், இணையக் கட்டணம், கண்ணாடிக்குத் தனிக் காசு, பாப்கார்ன், தண்ணீர் எல்லாம் சேர்த்து 2,180 ரூபாய்.

முந்தின நாளே கவுன்ட்டரில் போய்க் கேட்டேன். 2டி காட்சியும் இருக்கிறதே, அப்பாவுக்குப் பார்வை கொஞ்சம் மங்கல், எது நல்லது என்று. "சார், எஃபெக்ட்ஸுக்காகவே எடுத்த படம். 3டில பாக்கலைன்னா பாத்த மாதிரியே இல்ல. புது ப்ரொஜெக்டர் சார், பெரியவருக்கும் பளிச்சுனு தெரியும்" என்றார் அந்தத் தம்பி. என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நம்பினேன். அங்கேயே நின்று ஆப்பில் போட்டேன்.

ஆரம்பத்திலிருந்தே படம் மங்கல். 3டி கண்ணாடி போட்டாலே பாதிக்கு மேல் வெளிச்சம் போய்விடும். அதை ஈடுகட்ட ப்ரொஜெக்டரில் வெளிச்சம் வேண்டும், அங்கே இல்லை. இடைவேளைக்குப் பிறகு இரண்டு பிம்பமும் சேராமல் எல்லாம் இரட்டையாகத் தெரிந்தது. இருபது நிமிடம் அப்படியே ஓடியது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சரி, வசனத்தையாவது கேட்போம் என்று உட்கார்ந்தோம். கேட்க ஒன்றுமே இல்லை. உறுமல், இடி, கட்டடம் சரியும் சத்தம். யார் எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்று மகள் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்பா மெதுவாகக் கேட்டார்: "இதை ஒலிச்சித்திரமா போட்டா என்னடா கேக்கும்?"

வானொலியில் படத்தைக் காதாலேயே பார்த்த தலைமுறை. 1965-இல் வந்த திருவிளையாடல் வசனத்தைத் திருவிழா ஒலிபெருக்கியில் கேட்டே மனப்பாடம் செய்தவர். அதிலும் தந்திரக் காட்சி உண்டு. ஒரே பாட்டில் சிவாஜியே பாடுவார், வீணை வாசிப்பார், மிருதங்கமும் வாசிப்பார். ஆனால் அது வருவதற்குள் ஹேமநாத பாகவதரின் கர்வம் எப்போது உடையும் என்று நாம் தவித்துக்கொண்டிருப்போம். தருமி புலம்பும் இடத்தில் நாகேஷும் ஏ.பி. நாகராஜனின் வசனமும் மட்டுமே போதும். நேற்றைய படத்தின் முடிவில் வரைகலைக் கலைஞர்களின் பெயர்கள் நிமிடக்கணக்கில் ஓடின. அவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. இத்தனை பேர் உழைப்பையும் தாங்க ஒரு கதை எழுதாமல் விட்டவர்கள் மேல்தான் கோபம்.

வெளியே வந்து கேட்டால், "படமே டார்க்காதான் எடுத்திருக்காங்க சார்" என்கிறார் அதே தம்பி. மேனேஜரைக் கூப்பிடச் சொன்னேன். அரை மணி நேரம் கழித்து வந்தார். "ஷோ முடிஞ்சிருச்சே சார், அப்பவே சொல்லியிருக்கணும், ஆப்ல கம்ப்ளைன்ட் போடுங்க." இருட்டில் எழுந்துபோய் மனைவி சொன்னாளே, "பாக்கறோம் மேடம்" என்று அனுப்பினீர்களே! ஆப்பில் போட்டால், திரையிடல் குறைகளுக்குத் தியேட்டரை அணுகவும் என்று ஒரு பதில். திரும்ப எழுதினேன். புகார் முடிக்கப்பட்டது என்று செய்தி வந்தது. 2,180 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. டிரெய்லரில் கதை இன்னதென்று ஒரு வரிகூடப் பிடிபடவில்லையா, முதல் நாள் போகாதீர்கள். 2டி இருந்தால் அதையே எடுங்கள். படம் மங்கினால் உடனே எழுந்துபோய்ச் சொல்லுங்கள், கைப்பேசியில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டை அழிக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் இன்று காலை அதில் புகார் கொடுத்துவிட்டேன். அப்பா கண் எரிகிறது என்று இன்னும் படுத்தே இருக்கிறார்.