குவேசார்களைக் காலவாரியாக எண்ண: கட்புல ஒளியா, எக்ஸ் கதிரா, அகச்சிவப்பா?

கேலக்சிகளின் மையத்தில் உள்ள பெருங்கருந்துளைகள் வாயுவை விழுங்கும்போது குவேசார்களாகப் பளிச்சிடும். அவை எந்தக் காலத்தில் அதிகமாக இரையெடுத்தன? எந்தக் கதிரில் எண்ணினோம் என்பதைப் பொறுத்து விடையே மாறிவிடும்.

எண்ணிக்கையில் கட்புல ஒளிக்கு ஈடில்லை. நியூ மெக்சிகோவின் 2.5 மீட்டர் தொலைநோக்கியில் நடந்த ஸ்லோன் வான் கணக்கெடுப்பின் 16ஆம் வெளியீட்டில் 7,50,414 குவேசார்கள் உள்ளன. உச்சம் செம்பெயர்ச்சி (அண்டம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீளும் அளவு; எண் கூடக்கூடக் காலம் பழையது) 2க்கும் 3க்கும் நடுவே, ஏறத்தாழ 1,100 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. சிக்கலும் அங்கேயேதான். செம்பெயர்ச்சி 2.7 வாக்கில் 1,216 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள, ஹைட்ரஜன் உமிழும் லைமன்-ஆல்ஃபா கோடு 4,500க்கு நகர்ந்து பச்சை வடிகட்டிக்குள் விழும். அப்போது குவேசாரின் நிறம் சூரியனைவிடச் சூடான ஏ, எஃப் வகை விண்மீன்களின் நிறத்தோடு கலந்துவிடும். நிறத்தை வைத்துப் பொறுக்கும் நிரல் அதைத் தவறவிடும். வரைபடத்தில் உச்சத்தின் அருகே ஒரு பள்ளம் தெரிந்தால், அதை வரலாறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். போலிக் குவேசார் நிறங்களை அதே நிரலுக்குள் செலுத்தி எத்தனை தேறுகின்றன என்று பாருங்கள். பத்துக்கு இரண்டுதான் தேறினால் கிடைத்த எண்ணை ஐந்தால் பெருக்க வேண்டும். பிழையும் கூடவே ஐந்து மடங்காகும்.

தூசு மறைத்தவை இந்தக் கணக்கில் வரவே வராது. அதற்கு எக்ஸ் கதிர் வேண்டும். சந்திரா எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கி ‘தெற்கு ஆழ்புலம்’ என்ற சிறு வான்பகுதியை 70 லட்சம் விநாடி உற்றுநோக்கி, முழுநிலவைவிடச் சிறிய பரப்பில் சுமார் ஆயிரம் மூலங்களைக் கண்டது. ஆழமான இத்தகைய புலங்களை அகலமான ஆய்வுகளோடு சேர்த்தபோதுதான் முக்கியமான சேதி துலங்கியது: பிரகாசமானவை முந்தி உச்சம் தொட்டன, மங்கலானவை செம்பெயர்ச்சி 1ஐ ஒட்டித் தாமதமாகத் தொட்டன. ஆனால் பார்வைக் கோட்டில் சதுர சென்டிமீட்டருக்கு 1.5 × 10²⁴ அணுக்களுக்கு மேல் வாயு குவிந்திருந்தால் எக்ஸ் கதிரும் திணறும்.

அகச்சிவப்பில் வேலை சுலபம்: வானத்தை அகச்சிவப்பில் படமெடுத்த வைஸ் விண்கலத்தின் 3.4, 4.6 மைக்ரான் ஒளியளவுகளின் (மேக்னிடியூட்) வேறுபாடு 0.8க்குக் குறையாதவற்றை எடுத்தால் போதும். ஆனால் தாய் கேலக்சியின் விண்மீன் ஒளி ஓங்கினால் மங்கலானவை நழுவும். விண்மீனாக எரியும் அளவு நிறையில்லாத பழுப்புக் குள்ளன்கள் உள்ளே நுழையும்.

பரிணாமம்தான் கேள்வி என்றால் எக்ஸ் கதிரே என் தேர்வு. முதல் 100 கோடி ஆண்டுகளுக்கு மட்டும் அகலமான கட்புல, அண்மை அகச்சிவப்பு ஆய்வுகள் வேண்டும், செம்பெயர்ச்சி 7.64இல் சூரியனைப்போல் 160 கோடி மடங்கு நிறையுள்ள ஜே0313-1806 போன்றவை அத்தனை அரிது. அதே தொடக்கக் காலத்தில் வெப் விண்வெளித் தொலைநோக்கி கண்ட, ‘சிறு செம்புள்ளி’ எனப்படும் சிறிய, சிவந்த பொருள்களில் பெரும்பாலானவை சந்திராவின் ஆழ்புலங்களில் தென்படவே இல்லை. அவற்றில் கருந்துளை இருந்தாலும் எக்ஸ் கதிர்க் கணக்கில் அவை விடுபட்டுப்போகும்.